படிக்கட்டு இருந்த பக்கம்

அன்புள்ள தங்கைக்கு,

எல்லாம் முடிந்த மறுநாள் காலையில் எழுந்து நீ என்ன செய்வாய் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை.

தெரிந்த மாதிரி எழுத என்னால் முடியும். இத்தனை வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தியவளுக்கு அது பெரிய வித்தை இல்லை. உன்னிடம் அதைக் காட்ட வேண்டாம் என்றுதான் பதில் போடாமல் இருந்தேன். கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே.

நாளை காலை கண்காட்சித் திறப்பு. கோட்டை வாசலை ஒட்டிய பழைய காவலர் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இப்போது இதுதான் என் ஆபீஸ். சாப்பாடு முடிந்து எல்லோரும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்கள். கண்காட்சிப் பலகையின் மரக்கால்களுக்கு அடித்த வார்னிஷ் காயும்வரை நான் நகர முடியாது. யாராவது வந்து தொட்டுப் பார்ப்பார்கள். ஜன்னலுக்கு எதிரே முற்றம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஆயுதக் கிடங்கு. நீ கடைசியாகப் பார்த்தபோது அதன் வலப்பக்க மூலை கல்லும் தூசியுமாகக் கிடந்தது. இப்போது பளிச்சென்று இருக்கிறது. அதே வலப்பக்கத்தில் கல் படிக்கட்டு, மேல்மாடிக் கதவுவரை ஏறுகிறது. கல்யாண ஜோடிகள் அதில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

உன் சமையலறை ஒழுகுவதை வீட்டு உரிமையாளரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். "போகட்டும், வாளி வச்சிருக்கேன்" என்பாய். அடுத்த மழைக்குள் சொல். மாத்திரையை நிறுத்திவிட்டாய் என்று உன் மகள் சொன்னாள். அதையும் மறுபடி ஆரம்பி.

அவள் சொன்னது அது மட்டும் இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நான் சொல்கிறேன். இது தெரியாமல், நாளை நான் செய்யப் போவதை நிறுத்தச் சொல்வது நியாயமில்லை.

போன மாதம் அவள் வகுப்பில் கட்டட விபத்துகளைப் பற்றிப் பாடம் நடந்திருக்கிறது. திரையில் ஒரு படம். இடிந்த மூலை, தூசி, கவிழ்ந்து கிடக்கும் சாரம். அவளுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. வாத்தியார் கேட்டாராம்: "இது எதனால விழுந்துச்சு?" அவரே சொன்னாராம்: "சைட் இன்ஜினியர் அலட்சியம். வரைபடத்துல இருக்கிறதைவிட அகலமா உடைச்சிட்டார். எழுதிக்குங்க, பரீட்சைக்கு வரும்."

"நீ என்னடி பண்ண?" என்று கேட்டேன்.

"எழுதிக்கிட்டேன் பெரியம்மா" என்றாள்.

அவ்வளவுதான். பிறகு விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாள். போனை வைத்த பிறகு நான் எதையும் உடைக்கவில்லை, அழவும் இல்லை. எழுந்து போய்த் திறப்பு விழா அழைப்பிதழின் மெய்ப்பைத் திருத்தினேன்.

உனக்குத் தெரிந்ததையும் இதில் மறுபடி எழுதப் போகிறேன். என்றாவது இந்தக் கடிதம் அவள் கையில் போக வேண்டும். அவளுக்கு யாரும் இதை வரிசையாகச் சொன்னதில்லை. நீ அவளை இதிலிருந்து விலக்கி வைத்தாய். அது உன் உரிமை. ஆனால் வாத்தியார் விலக்கி வைக்கவில்லையே.

ராணுவம் காலி செய்துவிட்டுப் போனபோது ஆயுதக் கிடங்குக்குப் படிக்கட்டே இல்லை. எந்தக் காலத்திலோ இடித்துவிட்டு, மேல்மாடிக் கதவையும் அடைத்து, இரண்டு பக்கமும் பூசிவிட்டார்கள். கட்டடம் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே அச்சு: அதே வளைவுகள், அதே ஜன்னல்கள். படி எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அப்போதுதான் கோட்டையைப் புதுப்பிக்கும் வேலைக்கு ஆலோசகராக இருந்தவர் ஒரு பழைய படத் தபால் அட்டையைக் கொண்டுவந்தார். வண்ணம் தீட்டிய அட்டை. வானம் நீலம், சிப்பாய்களின் கோட்டு சிவப்பு, படிக்கட்டு வலப்பக்கம். "இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்று கூட்டத்தில் கேட்டாராம். வலப்பக்கச் சுவரில் கதவு அடைபட்டிருக்கிறது, அடைத்த கல்லை எடுத்தால் போதும் என்று வரைந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சைட் இன்ஜினியராக இருந்த உன் வீட்டுக்காரர் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் உடைக்கச் சொன்னார். அடைத்த கல் அங்கே இல்லை. அது கூரையின் பாரம் முழுவதையும் தாங்கி நின்ற முழுச் சுவர். அதில் எந்தக் காலத்திலும் கதவு இருந்ததில்லை. ஆட்களை வெளியே விரட்டிவிட்டு, கடைசியாக வர வேண்டியவர் வரவில்லை.

இதற்குமேல் அதை எழுத மாட்டேன்.

காரியம் முடிந்து உன் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு காலை நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். உன் அறைக் கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில் அவருடைய ஆபீஸ் கொடுத்த காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதே அட்டைப் படம், பெரிதாக. கண்ணாடியில் அது திருப்பித் தெரிந்தது. சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள், எல்லோருக்கும் வாள் இடப்பக்கம். சீப்பை வைத்துவிட்டுத் திரும்பி நேராகப் பார்த்தேன். எல்லோருக்கும் வாள் வலப்பக்கம். ஒருவர் இடக்கைக்காரர் என்றால் நம்பலாம். ஒரு படையே இடக்கைக்காரர்களா? வலக்கையால் உருவ வேண்டிய வாள் இடப்பக்க இடுப்பில்தான் தொங்கும். அச்சுப் போட்டவர்கள் புகைப்படத்தின் நெகடிவ் தகட்டைப் பின்பக்கமாக வைத்துவிட்டார்கள். கண்ணாடியில் தெரிந்ததுதான் உண்மையான கட்டடம். படிக்கட்டு இடப்பக்கம் இருந்திருக்கிறது.

நீ உள்ளே வந்து, "என்னக்கா இப்படி வெளிறிப்போய் நிக்கற?" என்றாய். ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்கு உன்னிடம் என்ன சொல்ல முடியும்?

அப்புறம் நான் போட்ட மனுக்கள் உனக்குத் தெரியும். விசாரணை முடிந்துவிட்டது, வண்ணம் தீட்டிய அலங்காரப் படத்தைச் சாட்சியாக ஏற்க முடியாது என்று பதில் வந்தது. அதே அலங்காரப் படத்தை வைத்துச் சுவரை உடைக்க முடிந்தது. அதை வைத்து ஒரு கேள்வி கேட்க மட்டும் முடியவில்லை. ஆலோசகருக்குப் பரிசு கொடுத்தார்கள். இடிந்த மூலைக்குள் வெளியே தெரியாமல் கான்கிரீட் கொடுத்து, படியை அதே வலப்பக்கத்தில் கட்டி முடித்தார்கள். அந்த அட்டை நுழைவுச் சீட்டில் வந்தது, தேநீர்க் குவளையில் வந்தது, சாவிக்கொத்தில் வந்தது.

நான் கல்லூரியை விட்டுவிட்டு இங்கே கோட்டை அலுவலகத்தின் படப் பிரிவில் சேர்ந்தபோது, "அந்த ஆளு போடற சோத்தைத் திங்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். ரொம்ப நாள் பேசவில்லை. உனக்கு விளக்கம் சொல்ல எனக்கும் பிடிக்கவில்லை. சொன்னால் தடுப்பாய்.

அந்த ஆளைப் பற்றி, அந்த ஆலோசகரைப் பற்றிச் சொல்கிறேன். ஆபீஸில் அவரை ராஜா என்பார்கள். "ராஜா கார் வந்தாச்சு" என்றால் எல்லோரும் செருப்பைத் தேடுவார்கள். கால் நன்றாக இருந்தும் ஒரு பிரம்பு வைத்திருக்கிறார், படங்களைச் சுட்டிக் காட்டுவதற்காக. என்னிடம் மரியாதையாகத்தான் பேசுவார். நான் யாருடைய அக்கா என்று அவருக்குத் தெரியாது. விழுந்த சுவரைப் பற்றி என்னிடம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. தேநீரில் சர்க்கரை குறைவு, கூட்டம் பத்து நிமிடத்தைத் தாண்டினால் கொட்டாவி, விருந்தினர் வந்தால் எதையும் முன்கூட்டிப் பார்க்காமல் பிரம்பை நீட்டி, மனப்பாடமாக அதே பேச்சு. அந்தப் பழக்கத்தை நான் பாடம் மாதிரிப் படித்தேன். ஒரு மனிதரை இவ்வளவு கவனமாக நான் பார்த்ததே இல்லை. இதை நீ வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம், சிரிப்பார்கள்.

இன்னொரு விஷயம். கிடங்கின் உள்ளே, இடப்பக்க மேல்சுவரில், ஒவ்வொரு மழைக்கும் ஒரு ஈரத்திட்டு வரும். கதவின் அளவு, கதவின் உருவம், மேலே வளைவுகூட உண்டு. அடைத்த கல்லும் பழைய சுவரும் தண்ணீரை ஒரே மாதிரி குடிப்பதில்லை. ஈரம் தெரிந்ததும் ராஜா தானே நின்று வெள்ளையடிக்கச் சொல்வார். வேறு எந்தச் சுவருக்கும் அவர் நின்றதில்லை. இதை வைத்து அவருக்கு விஷயம் தெரியும் என்று முடிவு கட்ட எனக்கு ஆசை. ஆனால் ஈரத்தைக் கண்டால் வெள்ளையடிப்பவர்கள் உலகத்தில் நிறைய. எனக்குத் தெரியாது. விஷயம் தெரியாத ஆளைப் பழிவாங்குகிறேனா, தெரிந்தே மறைத்த ஆளையா என்பதுதான் இந்த இரண்டு வருஷமாக என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. நீ கேட்டது அதற்கு அடுத்ததுதான்.

எனக்கு இன்னொரு அட்டை வேண்டியிருந்தது. அதே புகைப்படம், நேராக அச்சானது. மேம்பாலத்துக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய அட்டைகளைப் பெட்டி பெட்டியாகப் பரப்பி ஒருவர் உட்கார்ந்திருப்பார். வாரா வாரம் போய்ப் புரட்டுவேன். எனக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர் வைத்துவிட்டார். "இன்ஸ்பெக்டரம்மா, எல்லாரும் அழகா இருக்குன்னு அட்டை எடுப்பாங்க. நீங்க குத்தவாளியைத் தேடற மாதிரி எடுக்கறீங்களே" என்பார். போன கோடையில் ஒருநாள் நான் வருவதற்கு முன்பே ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். வண்ணம் இல்லை, பழுப்பு. அதே சிப்பாய்கள், அதே நிழல், வரிசையில் மூன்றாவது ஆளுக்கு அதே சாய்ந்த தொப்பி. வாள் இடப்பக்கம். படி இடப்பக்கம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் தன் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க" என்றார்.

அந்தப் பழுப்பு அட்டையைத்தான் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, முற்றத்தில், புகைப்படக்காரர் அன்று நின்ற இடத்தில் பலகையாக வைத்திருக்கிறேன். படத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினால் கட்டடம் தெரியும். வேறு விளக்கம் எதுவும் எழுதவில்லை. 'ஆயுதக் கிடங்கு, பழைய தோற்றம்' என்று மட்டும் போட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. அச்சகத்துக்குப் படத்தை அனுப்பினேன். வந்த பலகையில் படிக்கட்டு வலப்பக்கம் இருந்தது! ஓடினேன். அச்சகக்காரர் பெருமையாகச் சொல்கிறார்: "ஃபைல் ரிவர்ஸா இருந்துச்சு மேடம். நல்லவேளை என் கண்ணுல பட்டுது. திருப்பிட்டேன். எங்க வீட்டுக் குவளையிலயே இந்தப் படம் இருக்கே, எனக்குத் தெரியாதா?" ஊரே தப்பான படத்தைப் பார்த்துப் பழகியதால் சரியான படம் தப்பாகத் தெரிகிறது. மறுபடி அச்சடிக்கச் சொன்னேன். நான் கிளம்பும்வரை ஒருமாதிரியாகப் பார்த்தார். இன்று காலை பலகையை மாட்டிய எங்கள் எலக்ட்ரீஷியனும் ஏணியிலிருந்தே சொன்னார்: "மேடம், படம் மாறிப் போச்சு போல." மாறவில்லை என்றேன். படத்தைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், கீழே இறங்கினார். "எனக்கு எதுக்கு வம்பு" என்று சொல்லி, நான் கேட்காமலே ஒரு துணியைக் கொண்டுவந்து மூடினார்.

துணியைத் திறந்து வைக்க ஒரு ராணுவ அதிகாரியை அழைக்கலாம், விழா உடையில் வந்தால் படங்கள் நன்றாக வரும் என்று நான்தான் கூட்டத்தில் சொன்னேன். ராஜாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அம்மாவுக்கு நல்ல ரசனை" என்றார். விழா உடை என்றால் இடுப்பில் வாள் இருக்கும் என்பதை அவர் யோசித்திருக்க மாட்டார். நான் யோசித்தேன்.

என் திட்டம் இவ்வளவுதான். நான் பேச மாட்டேன். பின்னால் நிற்பேன். அந்தப் பிரம்பு படத்தின் வலப்பக்கம் போய், அங்கே வெறும் சுவர் இருப்பதை அவர் எல்லோர் முன்னிலையிலும் பார்க்க வேண்டும். அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும். கடைசியில் உன்னிடம் இதைச் சொன்னபோது, வேண்டாம் என்றாய். "அவர் போயிட்டாரு, விடு. எனக்குத் தினமும் வேலைக்குப் போகணும்" என்றாய். நீ சொல்வது புரிகிறது. ஆனால் நீ விட்டதை அவர்கள் விடவில்லை. உன் மகள் கையாலேயே எழுத வைத்துவிட்டார்கள்.

வார்னிஷ் காய்ந்துவிட்டது. மீதியை நாளை எழுதுகிறேன்.

மறுநாள், சாயங்காலம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எதையும் அழகாக்கவில்லை.

காலையில் நல்ல வெயில். வாத்தியம் வாசித்தார்கள். அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கலாம், குறைவாகப் பேசுகிறவர். இடுப்பில் வாள். துணியை இழுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டியவர்களில் ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. எங்கள் இயக்குநரும்தான் தட்டினார்.

ராஜா முன்னால் வந்து, படத்துக்கு முதுகைக் காட்டி நின்று ஆரம்பித்தார். "இந்தப் படத்தை நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. இது இல்லேன்னா இன்னிக்கு இந்தப் படிக்கட்டு இல்ல" என்று சொல்லி, வழக்கம்போலப் பிரம்பை வலப்பக்கம் நீட்டிவிட்டுத் திரும்பினார். படத்தில், பிரம்பு நின்ற இடத்தில் வெறும் சுவர்.

அப்போது நடந்ததைக் கவனமாகச் சொல்ல வேண்டும். இதைப் புதிதாகப் பார்க்கிறவர் யாரானாலும் படத்தைத்தான் உற்றுப் பார்ப்பார். அச்சகக்காரர் பார்த்தார், எலக்ட்ரீஷியன் பார்த்தார். இவர் பார்க்கவில்லை. பிரம்பை இறக்கிவிட்டுக் கூட்டத்தில் யாரையோ தேடினார். என்னிடம் வந்து கண் நின்றது.

மறுநொடியே சிரித்துவிட்டார். "திருப்பிப் போட்டுட்டாங்க. பிரிண்டிங் மிஸ்டேக். நம்ம ஆளுங்களை நம்பி ஒரு வேலை குடுக்க முடியாது பாருங்க." எல்லோரும் சிரித்தார்கள். அச்சகக்காரர் பின்வரிசையிலிருந்து, "சார், நான் அப்பவே சொன்னேன்!" என்று கத்தினார். இன்னும் பெரிய சிரிப்பு. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். இரண்டு வருஷமும் அந்தச் சிரிப்பில் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து சிப்பாய்களைப் பார்த்தார். அவர் கை தானாகத் தன் வாள் பிடிக்குப் போனது. பிறகு கையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்தார். அதில் வண்ண அட்டை இருந்தது. "இல்ல சார், இது சரியாத்தான் இருக்கு. வாள் இடது பக்கம். இந்த அழைப்பிதழ்லதான் மாத்திக் கட்டியிருக்காங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. தலையைத் தூக்கிக் கட்டடத்தைப் பார்த்தார். "அப்போ அந்தப் படி?"

முன்வரிசையில் எல்லோரும் தலையைத் தூக்கிக் கட்டடத்தைப் பார்த்தார்கள். பின்னால் இருந்தவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ராஜா கொஞ்சமும் தடுமாறாமல், "அதுவா, அப்ப இருந்த சைட் இன்ஜினியர் பண்ணின குளறுபடி. பாவம், இறந்துட்டார். அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றார்.

நான் பேச மாட்டேன் என்று நேற்று எழுதியிருக்கிறேன். பேசினேன். "அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். படி எந்தப் பக்கம்னு அவர் முடிவு பண்ணலை. நீங்க பண்ணினீங்க. வரைபடத்துல உங்க கையெழுத்து இருக்கு" என்றேன். கத்தவில்லை. வகுப்பில் பேசுகிற குரலில்தான் சொன்னேன். பின்வரிசை வரை கேட்டது.

அவர் என் பக்கத்தில் வந்தார். என்னிடம் மட்டும் சொல்வதாக நினைத்துக் கேட்டார்: "நீங்க எப்ப கண்டுபிடிச்சீங்க?"

என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கவில்லை, தங்கச்சி. அது எப்படி இருக்க முடியும் என்றும் கேட்கவில்லை. எப்போது என்று கேட்டார். என் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார். தெரிந்துதான் சுவருக்கு வெள்ளையடித்தார். தெரிந்துதான் பரிசு வாங்கினார்.

"சுவர் விழுந்த வருஷமே. நீங்க எப்ப?" என்றேன்.

அவர் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தார். அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் காதில் விழுந்துவிட்டது. செய்தித்தாள்காரர் ஒருவர் காதிலும் விழுந்தது, என்னிடம் வந்து, "மேடம், அவர் கேட்டதை அப்படியே ஒருதடவை சொல்றீங்களா?" என்றார். அப்படியே சொன்னேன். விசாரணைக் கோப்பைத் தனக்கு அனுப்பும்படி அதிகாரி இயக்குநரிடம் கேட்டார். கேட்டதை எழுதிக்கொள்ளவும் வைத்தார். அதற்குள் ராஜா கிடங்குப் பக்கம் நடந்துபோய், தன் படிக்கட்டின் முதல் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பிரம்பு முற்றத்தில் கிடந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் அதைத் தாண்டித்தான் போனேன்.

எனக்கு நன்றாக இருந்தது. பழிவாங்கிய பிறகு மனசு வெறிச்சோடிப்போகும் என்று நீ எழுதியிருந்தாய். அப்படி ஒன்றும் ஆகவில்லை. மதியம் நன்றாகப் பசித்தது, சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு இயக்குநர் கூப்பிட்டார். நான் விடுப்பில் போவது நல்லது என்றார். எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் நாளைக் காலை எழுந்து என்ன செய்வேன் என்று இன்னும் தெரியாது. கோப்பு திறக்கும் என்று நம்புகிறேன். திறந்ததும் உள்ளே என்ன எழுதுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம்தான். அதிகாரிகளை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள்.

பலகையையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் சாயங்காலம் வந்து, "ஸ்க்ரூ டிரைவரைக் காணோம் மேடம்" என்றார். சட்டைப் பையில் அதன் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாள் காணாமல் போகும் என்று கேட்டேன். "உங்க தங்கச்சி வந்து பாக்கற வரைக்கும் கிடைக்காது" என்றார். படிக்கட்டில் யாரும் ஏறாதபடி கயிறு கட்ட வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் தயங்கினார்கள். நான் கட்டினேன். இரண்டு முடிச்சு போட்டேன்.

ஆகையால் வா. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவளையும் அழைத்துக்கொண்டு வா. நீ எதையும் மன்னிக்கவோ கோபப்படவோ வேண்டாம், யாரிடமும் பேசக்கூட வேண்டாம். புகைப்படக்காரர் நின்ற இடத்தில் இரண்டு பேரும் வந்து நில்லுங்கள். படத்தைப் பாருங்கள். பிறகு தலையைத் தூக்கிப் பாருங்கள். அவள் அப்பா எந்தச் சுவரை உடைத்திருக்க வேண்டும், எதை உடைக்கச் சொன்னார்கள் என்று உன் மகளுக்கே தெரியும். அவள் படிக்கிற படிப்பு அதற்குத்தானே.

இந்தக் கடிதத்தை முதலில் அவளிடம் கொடு. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தால் சரியான பதிலை எழுதச் சொல். மதிப்பெண் போனால் போகட்டும். என் கண்ணு நன்றாக இருப்பாள்.

உன்,
அக்கா